ஒரு கை குறைகிறது

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று வாரங்கள் இருந்த ஒரு மாலைப்பொழுதில் அன்பர் ஒருவர் என்னைக் காணப் பங்கு இல்லத்துக்கு வந்தார். நல்ல மனிதர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலில் பிறர் அறியாமல் போடுகிறவர். விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் கள்ளக்குறிச்சிக்கு வருகிறார்கள் என்றும், அவர்களோடு உள்ளூர் நண்பர்களையும் சேர்த்து 26-ஆம் நாள் இரவு தம் வீட்டு மாடியில் ‘போக்கர்’ என்னும் சீட்டாட்டப் போட்டி ஒன்றை நடத்தவிருப்பதாகவும் சொன்னார். பதினாறு பேர். ஆளுக்கு 2,000 ரூபாய். திரளும் 32,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு ஆலய மணிக்கூண்டுப் பணிக்கு; எஞ்சியது முதல் மூவருக்கு. “சாமி வந்து ஒரு செபம் சொல்லித் தொடங்கி வைக்கணும்” என்பது அவருடைய வேண்டுகோள்.

வர இயலாது என்றேன். மணிக்கூண்டுக்கு அந்த 3,200 ரூபாய் வேண்டாம் என்றேன். கூடுமானால் அந்தப் போட்டியே வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் முகம் வாடியது. ஆனால் ஆயத்தமின்றி வந்தவர் அல்லர். “மறைக்கல்வி நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், சாமி. சீட்டாட்டம் பாவம் என்று அதில் எங்கேயும் இல்லை. அதுவும் இது ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடுவதில்லை. எல்லாரும் நண்பர்கள்.” கடைசிச் சொல்லை ஒரு நற்சான்றிதழ்போல என்முன் நீட்டினார். அதன்பின் அன்பியக் கூட்டங்களிலும் பங்குப் பேரவையிலும், ‘சாமிக்குக் காலம் புரியவில்லை’ என்ற பேச்சு உலவுவதாக அறிந்தேன். மறையுரையில் இதற்கு விடை சொல்லியிருக்கலாம். அங்கே நான் மட்டுமே பேசுவேன், கேட்பவர் எழுந்து மறுக்க முடியாது; அது நேர்மையான வாதம் ஆகாது. எனவே இந்த இதழில் எழுதுகிறேன். அன்பரும் இதன் நெடுநாள் வாசகர். அவரையும் பிறரையும் யாரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது ஒரு சொல்லும் இதில் இல்லை. எல்லாம் திண்ணையில் கேட்டவையே.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில், 2413-ஆம் எண்ணில் இதைப் பேசுகிறது. நல்வாய்ப்பைச் சார்ந்த ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மிலேயே நீதிக்கு மாறானவை அல்ல என்கிறது. ஆனால் அங்கே நிறுத்தவில்லை. ஒருவரிடமிருந்து அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் தேவையானதை அவை பறிக்குமானால் ஏற்கத்தகாதவை என்றும், ஆட்ட வேட்கை மனிதனை அடிமையாக்கும் என்றும் தொடர்கிறது. அன்பர் முதல் வாக்கியத்தோடு நூலை மூடிவிட்டார் போலும். விவிலியத்திலும் சீட்டுப் போடுவது இரு விதமாக வருகிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தது சீட்டால். சிலுவையடியில் படைவீரர் தையலில்லாத அங்கியைத் தமக்குள் பங்கிட்டதும் சீட்டால். அந்தப் படைவீரரும் ஒருவருக்கொருவர் தோழர்கள்தாம். அவர்களுக்குள் ஏமாற்று ஏதும் நடந்ததாக யோவான் எழுதவில்லை. பொருள் யாருடையது என்பதை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

போக்கர் எப்படி ஆடப்படுகிறது என்று அறியாத வாசகர் பலர் இருப்பீர்கள். நானும் அன்பரின் மகனிடம் கேட்டுத்தான் அறிந்தேன், பொறுமையாக விளக்கினான். நம் ஊர் ரம்மியில் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. இதில் கையில் இரண்டே. மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். ஆயின் வெல்வதற்கு நல்ல சீட்டு வேண்டும் என்பதில்லை. கையில் ஒன்றுமில்லாதவர் பெரும்பணம் வைத்து, எதிரிலிருப்பவரை அஞ்சவைத்து, சீட்டைக் கவிழ்த்துவிடச் செய்தாலும் வெற்றிதான். இதற்கு ‘பிளஃப்’ என்று பெயர். போட்டியாக நடத்தும்போது எல்லாரும் ஒரே தொகை கட்டி, அதற்கு ஈடான வண்ண வில்லைகளைப் பெறுவார்கள். குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டாயப் பந்தயத்தின் அளவு உயர்ந்துகொண்டே போகும். வில்லைகள் தீர்ந்தவர் வெளியேறுவார். ஆகவே ஒருவர் இழக்கக்கூடியது கட்டிய தொகை மட்டுமே. ரம்மியில் பாயிண்டுக்கு இவ்வளவு என்று விடிய விடிய ஆடி, எழும்போது எவ்வளவு போயிற்று என்றே தெரியாத நிலை இதில் இல்லை. இது போட்டிக்கு ஆதரவான வலுவான வாதம் என்பதை மறுக்கமாட்டேன்.

இனி ‘நண்பர்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். என் சண்டை சீட்டோடு அன்று, இந்தச் சொல்லோடுதான்.

குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்த முதிய பேராசிரியர், பணம் வைத்து ஆடும் ஆட்டம் பாவமாகாமல் இருக்க நான்கு நிபந்தனைகள் உண்டு என்பார். பழைய அறநெறி நூல்கள் யாவும் இவற்றைச் சொல்கின்றன. பந்தயமாக வைக்கும் பொருள் ஆடுபவருக்கே உரியதாயும், அவர் விருப்பப்படி செலவிடத்தக்கதாயும் இருக்க வேண்டும். ஆட்டத்தில் வஞ்சகம் கூடாது. ஆடுவோரிடையே வெற்றிவாய்ப்பு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஆடுபவர் எவ்வகைக் கட்டாயமுமின்றித் தம் விருப்பத்தால் ஆட வேண்டும். நாங்கள் இளைஞர்கள். இரண்டாவது நிபந்தனையைப் பற்றி மட்டும் பல கேள்விகள் கேட்டோம். நான்காவதை ஒருவரும் கவனிக்கவில்லை. கழுத்தில் கத்தி வைத்து யார் யாரைச் சீட்டாட வைப்பார்கள் என்று சிரித்ததாகவும் நினைவு.

கத்தி வேண்டியதில்லை என்பதைக் கல்வராயன் மலையடிவாரத்தில் கற்றேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கொரு பங்கில் பணியாற்றினேன். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் பலர், சாமையும் மரவள்ளியும் தரும் வருவாய் போதாமல், பருவத்தில் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கவும் கேரளத்துக்கு மிளகு பறிக்கவும் செல்வார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போவது வழக்கம். அப்படி மூன்று மாதம் குடகில் உழைத்து 11,000 ரூபாயோடு திரும்பிய ஒருவர், மலையேறும் முன் அடிவார ஊரில் தமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரின் வீட்டுத் திண்ணையில் பையை இறக்கி வைத்தார். உள்ளே நான்கைந்து பேர் மூன்று சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். “வாங்க கவுண்டரே, ஒரு கை குறையுது” என்று வியாபாரி அழைத்தார். அன்பாகத்தான் அழைத்தார், தேநீரும் வரவழைத்துக் கொடுத்தார். ஆட்டத்தில் வஞ்சகமும் இல்லை என்றே நம்புகிறேன். எழும்போது 4,000 ரூபாய் போயிருந்தது. பின்னொரு நாள் நான் அவரைக் கடிந்துகொண்டேன்: “வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டியதுதானே?” அவர் என்னை ஏதுமறியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “எப்படிச் சாமி சொல்றது? வர்ற மரவள்ளிக்கு அவருகிட்ட முன்பணம் வாங்கியிருக்கேனே.”

அந்த மலையின் வரலாறு அறிந்தவர்க்கு இந்தப் பதில் வியப்பளிக்காது. கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்ததே 1976-இல்தான். அதுவரை ஜாகிர்தார் வரச்சொன்னால் கூலியின்றியும் போய் உழைத்தாக வேண்டும். மறுக்க முடியாத அழைப்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அடிவாரத்து வியாபாரி ஜாகிர்தார் அல்லர். அவர் சிரித்த முகத்தோடு அழைத்தார், அவ்வளவே வேறுபாடு. அந்த 4,000 ரூபாயில் பாதி, அந்த மனிதரின் மனைவி பறித்த பழத்துக்கான கூலி. அவர் அப்போது பேருந்து நிறுத்தத்தில் பிள்ளையோடு காத்திருந்தார்.

நம் பகுதியில் திரௌபதி அம்மன் விழாக்களில் இரவு முழுவதும் பாரதக் கூத்து நடப்பதை வாசகர் அறிவீர்கள். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்ததாகக் கூறப்படும் சனியூரும் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்ததே. அந்தக் கதை நமக்கு அண்டை வீட்டுக் கதை. ‘பகடை துகில்’ நடக்கும் இரவில் நம் மக்களும் போய் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. சிறுவனாக நானும் பார்த்திருக்கிறேன். அதில் தருமனைச் சூதுக்கு அழைப்பவர் யார்? முகமறியாத வழிப்பறிக்காரனா? பெரியப்பா திருதராட்டிரன். அழைப்பைக் கொண்டுவருபவர், தருமனின் நலத்தையே நாடும் விதுரர். ஆட்டம் நடந்தது புதிதாகக் கட்டிய மண்டபத்தில், உறவினர் சூழ, விருந்தோடு. தருமனுக்கு உள்ளம் ஒப்பவில்லை. ஆயினும் பெரியவர் அழைத்தபின் மறுப்பது எப்படி என்று போனான். இன்றைய சொல்லில் சொன்னால், அதுவும் வீட்டில் நடந்த ஒரு நட்பாட்டம்தான்.

நாட்டையும் தம்பியரையும் தன்னையும் வைத்துத் தோற்றபின் மனைவியையும் வைத்துத் தோற்றான் அல்லவா? அப்போது திரௌபதி அவைக்கு அனுப்பிய கேள்வி என்ன? தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பந்தயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? குருமடத்தில் நாங்கள் இலத்தீன் கலந்து மனப்பாடம் செய்த முதல் நிபந்தனையும் இதுதான்: உன்னுடையது அல்லாததை நீ பந்தயம் வைக்க முடியாது. அறநெறி நூலாசிரியர்கள் இதை ஓர் ஓரத்தில் எழுதி வைத்தார்கள். நம் கூத்துக் கலைஞர்கள் விடியும்வரை இதையே பாடுகிறார்கள். பீஷ்மர் முதலான பெரியோர் அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தராமல் இருந்தார்கள். 26-ஆம் நாள் மாடியில் பந்தயம் வைக்கப்படும் 2,000 ரூபாய் யாருடையது என்று எந்த மனைவியாவது கேட்டால், பங்குத்தந்தை செபம் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதானே அன்பரின் வேண்டுகோள்?

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விடுவது முறையாகாது. நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலம். ஒரு கிளைப்பங்கில் முதியவர் ஒருவர் இறந்தார். அடக்கம் மறுநாள். சாவு வீட்டில் இரவு விழித்திருப்பதற்காகப் பந்தலில் சீட்டு ஆடுவது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் பழக்கம். நானும் உட்கார்ந்தேன். ரம்மி, பாயிண்டுக்கு ஐம்பது காசு. ஒருவர் எழுந்து போனார். பக்கத்தில் செபமாலையோடு நின்ற உபதேசியாரைப் பார்த்து நான் சொன்னேன்: “வாங்க உபதேசியாரே, ஒரு கை குறைகிறது.” அவர் தயங்கினார், சிரித்தார், உட்கார்ந்தார். விடியும்போது அவர் தோற்றிருந்த தொகை 340 ரூபாய். பெரும்பகுதி என்னிடம். அவருடைய மாதச் சம்பளம் அப்போது 1,200 ரூபாய்; அதை மாதந்தோறும் அவர் கையில் எண்ணிக் கொடுப்பவனும் நானே.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். “ஆட்டத்தில் தோற்றது சாமி. வாங்கினால் எனக்கு என்ன மரியாதை?” என்றார். அந்த மாதம் தம் மகளின் பள்ளிக் கட்டணத்தை அவர் காலம் தாழ்த்திக் கட்டினார் என்பது பின்னால் தெரிந்தது. நான் ஏமாற்றவில்லை, அவரை வற்புறுத்தவும் இல்லை. அவர் என் நண்பர், இன்றும் நண்பரே. சூதாட்டக் கூடத்தில் முகமறியாத ஒருவனிடம் தோற்றிருந்தால் அவர் சண்டையிட்டாவது கேட்டிருப்பார்; பாதியில் எழுந்து போயிருப்பார்; அல்லது உள்ளேயே நுழைந்திருக்கமாட்டார். என்னிடம் இவற்றுள் ஒன்றையும் அவரால் செய்ய முடியவில்லை. அவருடைய நட்பே அவரைக் கட்டிப்போட்டது.

இதனால்தான் ‘எல்லாரும் நண்பர்கள்’ என்று அன்பர் சொன்னபோது எனக்கு ஆறுதல் ஏற்படவில்லை. அவர் பெருமையோடு சொன்ன பதினாறு பெயர்களையும் கவனித்துக் கேட்டேன். ஒருவர் அன்பரின் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். ஒருவர் அவருடைய கடைக்கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர். ஒருவர் மைத்துனர், அன்பர் கொடுத்த கைமாற்றால் வீடு கட்டிக்கொண்டிருப்பவர். இன்னொருவன் மகனோடு படித்த இளைஞன். மகனின் பரிந்துரையால் பெங்களூரில் வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவன். இந்த நால்வருள் யார் “எனக்கு விருப்பமில்லை” என்று சொல்லக்கூடியவர்? அன்பர் இவர்களை மிரட்டவில்லை; மிரட்டக்கூடியவரும் அல்லர். ஒரு கை குறைகிறது என்று சொல்லியிருப்பார்.

2,000 ரூபாய்தானே, அதற்கு மேல் போகாதே என்பது அடுத்த வாதம். ஆலை உரிமையாளர் ஒரு மாலை நேரத்தில் உணவகத்தில் செலவிடும் தொகை அது. கணக்கருக்கோ ஒரு மாத மளிகையில் பாதி. தொகையைச் சமமாக வைத்துவிட்டால் இழப்பும் சமமாகிவிடாது. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைப் பற்றி இயேசு சொன்னதை ஆண்டுதோறும் வாசிக்கிற நமக்கு இது விளங்காதா? மேலும் அன்பரின் மகன் கபடமின்றி இன்னொன்றையும் சொன்னான். வில்லை தீர்ந்து வெளியேறுபவர் உடனே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. விதி அனுமதித்தால் மீண்டும் பணம் கட்டி உள்ளே வரலாம். இல்லையென்றால், தோற்றவர்கள் கூடிப் பக்கத்து மேசையில் நேரடியாகப் பணம் வைத்து வேறோர் ஆட்டம் தொடங்குவார்கள். அங்கே எல்லை ஏதுமில்லை. இரவு பதினொரு மணிக்கு 2,000 ரூபாயை இழந்து, நண்பர்கள் விளையாடுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பக்கத்து மேசை எவ்வளவு அருகில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெங்களூர்ப் பிள்ளைகள் வேறொரு வாதத்தோடு வந்தார்கள். இது அதிர்ஷ்டம் அன்று, திறமை என்றார்கள். நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது என்றார்கள். உண்மையே. ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. இணையவழிச் சூதாட்டத்தில் பணத்தையும் உயிரையும் இழந்தோரின் துயரம் பெருகியதால், நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின், 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டப்பேரவை தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பியதால் 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று கூறி, அவற்றை அதிர்ஷ்ட ஆட்டங்களாக வைத்த அட்டவணையை நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. கைப்பேசியில் கதவு அடைபட்டபின் வீட்டு மாடியில் மேசை போடும் ஆவல் மிகுந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

வழக்கறிஞருக்குத் திறமை என்ற வாதம் வெற்றி தேடித்தரலாம். எனக்கு அது போட்டியின் குற்றத்தைக் கூட்டுவதாகவே தெரிகிறது. அதிர்ஷ்டம் ஒன்றே தீர்மானிக்கும் ஆட்டத்தில் கணக்கரும் முதலாளியின் மகனும் சமம். காசைச் சுண்டினால் தலையும் பூவும் யாருக்கும் ஒன்றே. திறமை தீர்மானிக்கிறது என்றால், கைப்பேசியில் ஆண்டுக்கணக்காகப் பழகியவன், அன்றைக்குத்தான் விதியைக் கற்றுக்கொண்டவரின் பணத்தைத் தெரிந்தே எடுக்கிறான். மூன்றாவது நிபந்தனை அங்கேயே வீழ்ந்துவிடுகிறது. சகுனியும் திறமையாளன்தான். பிளஃப் என்பதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி அது. ஆயினும் அந்த இரவில் பயிலும் திறமை எது? எதிரே அமர்ந்திருக்கும் நண்பனின் கை எப்போது நடுங்குகிறது, அவனுக்கு எந்தத் தொகையில் அச்சம் பிறக்கிறது என்று கண்டுகொண்டு அந்த இடத்தில் அழுத்துவது. நண்பனின் அச்சத்தை அறிந்துகொள்வது நட்பின் வேலையே. அறிந்தபின் செய்ய வேண்டியது வேறு. இன்று நம் கையிலுள்ள திருக்குறள் பதிப்புகள் பலவற்றில் ‘சூது’ என்னும் 94-ஆம் அதிகாரம் நட்பியலில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் வள்ளுவர் தோல்வியைவிட வெற்றியைக் கண்டே அஞ்சுகிறார். வென்ற பொருளைத் தூண்டில் முள்ளாகக் காண்கிறார்.

1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் வீட்டு மாடியைத் தொடாது என்பதும் உண்மை. இடத்துக்கு உரியவர் ஆட்டத்திலிருந்து ஆதாயம் பெற்றால்தான் அது சட்டத்தின் பார்வையில் சூதாட்ட விடுதி. அன்பர் தமக்கென ஒரு காசும் எடுப்பதில்லை. ஆகவே காவலர் வரமாட்டார். காவலர் வராத இடத்தில் மனச்சான்று வரவேண்டும் என்பதற்காகத்தானே ஞாயிறுதோறும் கூடுகிறோம்?

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, நம் அன்பியங்களில் கூலி வீடு வந்து சேராத கொடுமையைப் பற்றிக் கண்ணீரோடு பேசினோம். அந்தச் சாவுகளோடு சீட்டாட்டத்தை ஒப்பிடமாட்டேன். அது இறந்தோரை இழிவுபடுத்துவதாகும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சாராயத்தைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கமே இருப்பதில்லை. அது பெரும்பாலும் பிறர் வீட்டுச் செய்தி. சீட்டைப் பற்றிப் பேசினால் மட்டும் ‘காலம் புரியவில்லை’ என்கிறோம்.

மணிக்கூண்டுக்குத் தரும் பங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் பிச்சை ஈவதைப் பற்றிப் பேசும்போது, சூதில் வென்ற பொருளை ஈயலாமா என்ற கேள்வியை எழுப்புகிறார். பொருளாசையால் ஒருவரை ஆட்டத்துக்கு இழுத்து வஞ்சகமாக வென்றவர் அதைத் திருப்பித்தரக் கடமைப்பட்டவர், ஆகவே அதைக் கொண்டு அறம் செய்ய முடியாது என்பது அவர் முடிவு. தம் பொருளைத் தாமே கையளிக்கும் உரிமையற்ற சிறுவர் முதலானோரிடம் வென்றதற்கும் அதுவே விதி. அன்பர் வஞ்சகர் அல்லர். தோமாவின் தீர்ப்பு அவர்மீது முழுமையாகப் பொருந்தாது. எனினும் கொடை எங்கே போகிறது என்பதற்கு முன், எங்கிருந்து வந்தது என்று கேட்பதே அவர் காட்டும் முறை. மணிக்கூண்டுக்கு அன்பர் தம் பையிலிருந்தே 3,200 ரூபாய் தரலாமே! இதை நான் சொன்னதும், பேரவையில் ஒருவர் எழுந்து, “அப்படியானால் பங்குத் திருவிழாவில் நாம் நடத்தும் அதிர்ஷ்டக் குலுக்கல்?” என்று கேட்டார். தமிழக அரசு லாட்டரியை 2003-இல் ஒழித்தது. நாம் மிதிவண்டியையும் குக்கரையும் வைத்து இன்னும் குலுக்கிக்கொண்டிருக்கிறோம். மறைக்கல்விச் சிறுவர்களை வீடு வீடாக அனுப்பிச் சீட்டு விற்கிறோம். அந்தச் சிறுவர்கள் நீட்டும்போதும் யாரும் மறுக்க முடியாது. அவர் கேட்டது சரியே. வரும் திருவிழாவில் அது நடைபெறாது. வரவு குறையும், குறையட்டும்.

‘புனிதர்களே ஆடியிருக்கிறார்கள்’ என்று யாரோ எனக்கு ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். புனித கமில்லஸ் தெ லெல்லிஸை நினைத்து எழுதியிருக்கலாம். 1550-இல் பிறந்த அவர் ஆடினார்தான். படைமுகாம்களில் தோழர்களோடு ஆடிப் பழகினார். புண்ணுக்கு மருத்துவம் பெறச் சென்ற உரோமை மருத்துவமனையில் வேலைக்கு அமர்ந்தபோதும் சீட்டை விடாததால் வெளியேற்றப்பட்டார். அனைத்தையும் தோற்று, கப்புச்சின் துறவியர் கட்டடப் பணியில் சுமை தூக்கும் நிலைக்கு வந்தபின், 1575-இல் மனம் மாறினார். பின்னாளில் நோயாளிகளுக்காகவே ஒரு துறவற சபையை நிறுவினார். அவர் புனிதரானது ஆட்டத்தால் அன்று. சீட்டு எழுதியவர் இந்தப் பின்பகுதியையும் வாசிக்கலாம்.

“காசில்லாமல் ஆடினால் சுவையே இருக்காது, சாமி” என்றும் அன்பர் சொன்னார். போக்கருக்கு அது பொருந்தும். இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது பிளஃபுக்கு யாரும் அஞ்சமாட்டார்கள். ஆனால் ரம்மிக்கும் இருபத்தெட்டுக்கும் புளியங்கொட்டை போதும். பங்கு மன்றத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆடலாம் என்று அறிவித்தேன். முதல் வாரம் நால்வர் வந்தோம். நான் எழுபது கொட்டை கடன்.

மாடியில் போட்டி குறித்த நாளில் நடந்தது. பதினாறு பேரில் பதினான்கு பேர் வந்தார்கள் என்று கேள்வி. வராத இருவரில் ஒருவர் ஆலைக் கணக்கர். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அடுத்த வேலை நாளில் அவர் ஆலைக்குப் போனபோது முதலாளி கோபம் ஏதும் காட்டவில்லை. “தலைவலி சரியாயிற்றா?” என்று மட்டும் கேட்டாராம். கேட்டவிதம் எப்படி இருந்தது என்று கணக்கரிடம் விசாரித்தேன். அதைத்தான் சாமி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.